கை மறக்கவில்லை, கால் மறக்கவில்லை

(தலைப்பு: புது மோட்டார் சைக்கிளின் முதல் ஓட்டத்தில் ஆபத்து பெரிதும் வருவது புது வண்டியாலா? பழைய பழக்கத்தாலா? ‘பழைய பழக்கத்தாலே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே, இன்றைக்குத்தான் ஷோரூமிலிருந்து வெளியே வந்த வண்டி மாதிரி பளபளன்னு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) அடுப்பை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, ‘பூட்டினோமா இல்லையா’ என்ற சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப நன்றாகப் பேசினார்கள். “புது டயர் வழுக்கும், புது பிரேக் சரியாப் பிடிக்காது, ஆகவே குற்றவாளி புது வண்டிதான்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அவர் சொன்ன அத்தனையும் உண்மை. உண்மையை மறுக்கிற பழக்கம் எங்க அணிக்குக் கிடையாது ஐயா. அந்த உண்மை யார் பக்கம் நிற்குதுங்கிறதுதான் இப்போ கேள்வி. (கைதட்டல்)

புது டயரையே எடுத்துக்குங்க. அச்சிலே வார்த்து எடுத்த ரப்பர். மேல்தோல் வழவழன்னு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ரோட்டிலே உரசி, அந்த வழவழப்பு போன பிறகுதான் முழுப் பிடிமானம் கிடைக்கும். பிரேக்கும் அப்படித்தான். புது பிரேக் ஷூவும் டிரம்மும், புது பேடும் டிஸ்க்கும், புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி. கொஞ்ச நாள் உரசின பிறகுதான் ஒத்துப் போகும். (சிரிப்பு) இதெல்லாம் வண்டியோட கொடுக்கிற புத்தகத்திலே போட்டிருக்கு. அந்தப் புத்தகத்தை என்ன செய்யறோம்? இன்சூரன்ஸ் பேப்பரோட சேர்த்து, பீரோவிலே, பட்டுப்புடவைக்கு அடியிலே வைத்துப் பூட்டிடறோம். திருட்டுப் போயிடக் கூடாதாம்! (பலத்த சிரிப்பு)

சரி, டயர் வழுக்கும். வழுக்கி விழுகிறவர் யார்? பழைய வண்டியிலே எந்த வளைவிலே எவ்வளவு சாய்த்து ஓட்டினாரோ, அதே வளைவிலே அதே அளவு சாய்க்கிறவர். பிரேக் இன்னும் பதியலை. மோதுகிறவர் யார்? பழைய வண்டியிலே பஸ்ஸுக்குப் பின்னாலே எவ்வளவு இடைவெளி விட்டுப் போனாரோ, அதே இடைவெளியிலே இன்றைக்கும் போகிறவர். வண்டி ‘நான் புதுசு’ன்னு சொல்லுது. ஓட்டுகிறவர் ‘நான் பழைய ஆள்’ன்னு சொல்றாரு. விழுவதற்குக் காரணம் யாருங்க?

நம்ம ஊரிலே ஒருவரிடம் போய், “அண்ணே, புது வண்டி, கொஞ்சம் பார்த்துப் போங்க”ன்னு சொல்லிப் பாருங்க. உடனே என்ன பதில் வரும்? “தம்பி, நான் இருபது வருஷமா வண்டி ஓட்டறேன்!” அந்த இருபது வருஷம்தான் ஐயா ஆபத்து. (கைதட்டல்) ‘வண்டி ஓட்டத் தெரியும்’ என்று நாம் சொல்வது பாதி உண்மை. நமக்குத் தெரிந்தது பழைய வண்டியை ஓட்ட. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்திலே ஒரு வண்டியிலே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருப்போம். அந்த வண்டி பெரும்பாலும் டிரைவிங் ஸ்கூல் வண்டி. இல்லைன்னா மச்சானுடைய வண்டி. எட்டுப் போட்டது ஒரு வண்டி, எட்டூருக்கு ஓட்டுறது வேற வண்டி! (சிரிப்பு)

எங்கள் தெருவிலே ஒரு பெரியவர். பழைய புல்லட் வைத்திருந்தார். தாய்மார்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் புல்லட்டிலே கியர் வலது காலிலே இருக்கும், பிரேக் இடது காலிலே இருக்கும். மற்ற கம்பெனி வண்டிகளில் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். கியர் இடது கால், பிரேக் வலது கால். 2000-க்குப் பிறகு புல்லட்டும் மாறிப்போச்சு. இப்போ வருகிற புல்லட்டிலே கியர் இடது காலிலேதான். ஆனா நம்ம பெரியவர் கிட்டே இருந்தது பழைய வண்டி. இருபத்திரண்டு வருஷம் அதை ஓட்டினார். தடுப்பு சுவர் இல்லாத பாலம், மழை, மேடு பள்ளம் எல்லாம் பார்த்தவர். ஒரு கீறல் கிடையாது.

முட்டி வலி வந்துட்டுது. அந்தக் கனமான வண்டியை உதைத்துக் கிளப்ப முடியலை. பிள்ளைகள் சேர்ந்து பட்டன் அமுக்கினா கிளம்புகிற மாதிரி, நூற்றுப் பத்து கிலோ எடையிலே ஒரு புது வண்டி வாங்கிக் கொடுத்தாங்க. நல்ல பிள்ளைங்க. அப்பா மேலே பாசம்தான். அவரும் தெருவிலே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். மெதுவாகப் போகும்போது யோசித்து யோசித்து சரியாகத்தான் ஓட்டினார். “இதென்ன பிரமாதம், சைக்கிள் மாதிரி இருக்கு”ன்னார்.

அப்புறம் கடைவீதிக்குப் போனார். ஒரு சந்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று சைக்கிளிலே குறுக்கே வந்தது. அந்த நொடியிலே மூளையைக் கேட்டுவிட்டா கால் வேலை செய்யும்? கால் தானாகவே அமுக்கியது. எந்தக் கால்? இடது கால். இருபத்திரண்டு வருஷமாக பிரேக் இருந்த இடம். அங்கே இப்போ பிரேக் இல்லை, கியர் இருக்கு! அமுக்க அமுக்க வண்டி நிற்கவே இல்லை. அந்தப் பிள்ளைக்காக ஹேண்டில் பாரை ஒடித்துத் திருப்பினார். பிள்ளை தப்பித்தது. அவர் மின்கம்பத்திலே மோதி, தொடை எலும்பு முறிந்து, நாலு மாசம் கட்டிலிலே கிடந்தார். மகளுக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம். கல்யாணத்தன்று மணமேடைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாரை வார்த்துக் கொடுக்கும்போது அவருக்கு உட்காரவும் முடியலை, நிற்கவும் முடியலை.

எதிரணி நண்பர்களே, அந்தப் புது வண்டியிலே என்ன குற்றம்? டயர் வழுக்கியதா? பிரேக் பிடிக்கவில்லையா? பிரேக் அங்கேயேதான் இருந்தது, வலது காலுக்குக் கீழே, ஒரு தடவைகூட யாரும் தொடாமல்! (கைதட்டல்)

“புல்லட் கதை பழைய கதை, இப்போ எல்லா வண்டியிலேயும் கியர் ஒரே பக்கம்தானே”ன்னு எதிரணித் தலைவர் முணுமுணுக்கிறது எனக்குக் கேட்குது. பக்கம் ஒன்றுதான் ஐயா, திசை ஒன்றா? பல 100 சிசி வண்டிகளிலே நாலு கியரையும் முன்பக்கம் அமுக்கி அமுக்கிப் போட்டுக்கொண்டே போகலாம். அமுக்கினால் மேல் கியர். 150, 200 சிசி வண்டிகள் பலவற்றிலே முதல் கியர் மட்டும்தான் கீழே. மற்ற கியருக்கெல்லாம் கால் விரலாலே நெம்பி மேலே தூக்கணும். அமுக்கினால் கியர் குறையும்.

பத்து வருஷம் 100 சிசி ஓட்டினவர், சம்பளம் கூடியது, மூத்த பையனும் நச்சரிக்கிறான், பெரிய வண்டி வாங்குகிறார். பைபாஸ் ரோட்டிலே மூன்றாவது கியரிலே ஐம்பதிலே போகிறார். பின்னாலே வீட்டு அம்மா. நாலாவது கியர் போடலாம் என்று பழைய ஞாபகத்திலே முன்பக்கம் ஒரு அமுக்கு அமுக்குகிறார். விழுந்தது நாலாவது கியரா? இரண்டாவது கியர்! கிளட்சை விட்டதும் எஞ்சின் ‘ஓ’ன்னு அலறுது, பின் சக்கரம் இழுத்துப் பிடிக்குது, பின்னாலே இருந்த அம்மா வந்து இவர் முதுகிலே மோதறாங்க. காய்ந்த ரோடாக இருந்தால் அம்மாவிடம் நாலு திட்டோடு போச்சு. ரோட்டோரம் மணல் கிடந்தால்? பின் சக்கரம் அப்படியே சறுக்கிக்கொண்டு போயிடும். பின்னாலே லாரி.

கால் கதை இது. கை கதை இன்னும் மோசம். அந்தக் காலத்துக் கியர் ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கா? இடது கைப்பிடியைத் திருகினால்தான் கியர் விழும். பதினைந்து வருஷம் அதை ஓட்டின எங்க ஆபீஸ் மேனேஜர் முதல் முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கினார். சிக்னலிலே பச்சை விழுந்தது. மனுஷன் இடது கைப்பிடியைத் திருகுறார், திருகுறார், மாவாட்டுகிற மாதிரி திருகுறார். கியரும் விழலை, வண்டியும் நகரலை. பின்னாலே நிற்கிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். இவர் திரும்பிப் பார்த்து, “வண்டியிலே ஏதோ மேனுபாக்சரிங் டிபெக்ட்”ங்கிறார்! (பலத்த சிரிப்பு)

சிரிக்கலாம், அவர் நின்ற வண்டியிலே தப்பு பண்ணினார். ஓடுகிற வண்டியிலே பண்ணினால்? இன்றைக்குப் பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் எல்லாரும் முதலிலே பழகுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதிலே இடது கையிலே இருக்கிறது என்ன? பிரேக். மோட்டார் சைக்கிளிலே இடது கையிலே இருக்கிறது என்ன? கிளட்ச். கல்லூரிக்கு மூன்று வருஷம் ஸ்கூட்டரிலே போன பையன், வேலை கிடைத்த சந்தோஷத்திலே மோட்டார் சைக்கிள் வாங்குகிறான். முன்னாலே ஆட்டோ சடாரென்று நிற்குது. பையனுக்கு என்ன பிடிக்கும்? இடது கை. ஸ்கூட்டராக இருந்தால் நின்றிருக்கும். இங்கே கிளட்ச் விழுந்து எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோகுது. எஞ்சின் கொஞ்சமாவது இழுத்துப் பிடித்திருக்கும், அதுவும் போச்சு. பிரேக் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பையன் வண்டியை அவிழ்த்து விட்டுட்டான்! (கைதட்டல்) ஒரே வீட்டிலே அக்காவுக்கு ஸ்கூட்டர், தம்பிக்கு மோட்டார் சைக்கிள், ‘எது கிடைக்குதோ அதை எடுத்துட்டுப் போ’ன்னு சொல்கிற அம்மாமார்கள் இதைக் கொஞ்சம் மனசிலே வைத்துக்கணும்.

இன்னொரு பழைய பழக்கம். நம்ம அப்பா, மாமா எல்லாரும் வண்டி கற்றுக்கொடுக்கும்போது சொல்கிற முதல் உபதேசம் என்ன? “முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்த்துடும்!” ஆனால் வண்டி நிற்கும்போது பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகும். ஆகவே நிறுத்துகிற பலம் பெரும்பாலும் முன் பிரேக்கிலேதான் இருக்கு. நம்மாள் அதைத் தொடமாட்டார். அவருடைய முன் பிரேக் பதினைந்து வருஷமாக கன்னிப்பெண்! (சிரிப்பு) அது பழைய டிரம் பிரேக். எவ்வளவு பிடித்தாலும் சாவகாசமாகப் பிடிக்கும். புது வண்டியிலே வருவது டிஸ்க். இரண்டு விரலாலே பிடித்தால் போதும். பயத்திலே ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினால், ஹேண்டில் திரும்பியிருந்தால், கீழே மணல் இருந்தால், முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ‘மாமா சொன்னது சரிதான்’னு நினைத்துக்கொண்டே ரோட்டிலே படுத்திருப்பார்.

2019 ஏப்ரலிலிருந்து விற்கிற வண்டிகளிலே, 125 சிசிக்கு மேலே என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். இருக்கணும். அதற்குக் கீழே என்றால் ஏ.பி.எஸ்ஸோ, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பிரேக்கோ இருக்கணும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் பழகாதவனுக்குப் புதுசுதானே? சேர்ந்து பிடிக்கிற வகையிலே, பின் பிரேக்கை அமுக்கினாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது சில வண்டிகளிலே பிரேக் லீவர் கையிலே துடிக்கும். ‘ஐயோ, என்னமோ ஆயிட்டுது’ன்னு பயந்து கையை விட்டவர்கள் உண்டு. உயிரைக் காப்பாற்றுகிற நேரத்திலே காப்பாற்றுகிறவன் கையை உதறிவிடுகிறோம்.

நடுவர் அவர்களே, இலக்கியம் இல்லாமல் பேசினால் நீங்கள் மார்க் போடமாட்டீர்கள். (சிரிப்பு) நளன் கதைக்கு வருகிறேன். நளனைவிட ஒரு தேரோட்டி உண்டா? தேர் போகிற வேகத்திலே மன்னன் இருதுபன்னனின் மேலாடை விழுகிறது. “நிறுத்து, மேலாடை விழுந்துவிட்டது” என்று சொல்வதற்குள் தேர் பல காதம் கடந்துவிட்டது. நாம் எல்லாரும் அந்த வேகத்தைத்தான் பேசுகிறோம். அதற்கு முந்தின காட்சியை விட்டுவிடுகிறோம். அயோத்தி லாயத்திலே இருந்தது அவனுக்குப் பழக்கமான நிடத நாட்டுக் குதிரைகளா? இல்லை. வேற்று நாட்டு அரசனுடைய குதிரைகள். அவசரமான பயணம். பொழுது விடிந்தால் தமயந்திக்குச் சுயம்வரம் என்று செய்தி வந்திருக்கிறது. அவனுடைய சொந்த மனைவி ஐயா! அந்த அவசரத்திலேயும் நளன் லாயத்துக்குள்ளே போய், குதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, குணம் அறிந்து, அதன் பிறகுதான் பூட்டினான். எல்லாம் தெரிந்த நளனே குதிரையைப் பார்த்தான். (பலத்த கைதட்டல்) நாம் என்ன பார்க்கிறோம்? ராகுகாலம் பார்க்கிறோம்!

(சிரிப்பு) ராகுகாலம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். பத்து மணிக்கு ஷோரூமிலே சாவி கொடுக்கிறார்கள். அங்கே ஒரு பையன் இருப்பான். “சார், இது சாவி, இது சோக்கு இல்லாத வண்டி, இது டிஜிட்டல் மீட்டர்”ன்னு ஆரம்பிப்பான். நம்மாள் கேட்பாரா? “அதெல்லாம் தெரியும்ப்பா, பத்தரைக்குள்ளே பிள்ளையார் கோயிலுக்குப் போகணும்.” கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாரா? இல்லை. சைடு ஸ்டாண்டை எடுத்தாரா? அதுவும் இல்லை. பழைய வண்டியிலே ஸ்டாண்டோடு போனால் இடது பக்கம் திரும்பும்போது தரையிலே இடித்துத் தூக்கி எறியும். புது வண்டிகள் பலவற்றிலே ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் எஞ்சினே நின்றுவிடும். அது தெரியாமல் நடுரோட்டிலே நின்றுகொண்டு, பட்டனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கிக்கொண்டிருப்பார். ‘வாங்கின அன்னைக்கே நின்னுட்டுது, சகுனமே சரியில்லை’ன்னு பின்னாலே இருந்து மாமியார் வேறு. (பலத்த சிரிப்பு)

கோயிலுக்குப் போயாச்சு. சந்தனம், குங்குமம், மாலை. ஹேண்டில் பாரிலே இரண்டு பக்கமும் தொங்குகிற பெரிய மாலை. நல்லதுதான், ஐயருக்குத் தட்சிணை போட்டாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. அதற்குப் பிறகு அந்த மாலையைக் கழற்றி சாமி படத்துக்குப் போடலாமே? மாட்டிக்கொண்டே ஊரைச் சுற்ற வேண்டும். நாலு பேர் பார்க்கணுமே! மாலை நாரும் நூலும் ஹேண்டிலைத் திருப்பவிடாது, பிரேக் லீவரிலே சிக்கும், அறுந்து தொங்கினால் முன் சக்கரத்திலே சுற்றும். டயருக்கு அடியிலே எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டுதான் கிளம்பணும். சம்பிரதாயம், செய்யட்டும். வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தள்ளினாலே பழம் நசுங்கிவிடும். நம்மாள் அதன் மேல் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முறுக்குகிறார். ஏற்கெனவே வழவழ டயர், அதிலே எலுமிச்சைச் சாறு!

இதெல்லாம் வண்டி பண்ணின குற்றமா? வண்டி பேசினால் அழும் ஐயா. (கைதட்டல்)

அடுத்தது குடும்பம். முதல் நாள் முதல் சவாரி, யாரை விட்டுவிட்டுப் போவது? வீட்டுக்காரம்மா பட்டுப்புடவையிலே ஒருச்சாய்த்து பின்னாலே. பெரியவன் நடுவிலே. சின்னது டேங்க் மேலே. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று சட்டம் சொல்லுது. ஆனா அன்றைக்குச் சட்டம் யார் கண்ணுக்குத் தெரியுது? தனியாகவே இன்னும் பிடிபடாத வண்டி. அதிலே நாலு பேர் பாரம் ஏறினால் நிறுத்த வேண்டிய தூரம் கூடும், ஹேண்டில் லேசாகும், நிற்கும்போது ஒரு காலை ஊன்றித் தாங்குவதே பெரும்பாடு. புடவை முந்தானை, சுரிதார் துப்பட்டா பின் சக்கரத்திலே சிக்கக் கூடாது என்றுதான், சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற ஒரு தடுப்பு கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதியே இருக்கு. சில பிள்ளைகள் ‘அது இருந்தா வண்டி அசிங்கமா இருக்கு’ன்னு வாங்கின அன்றைக்கே கழற்றச் சொல்கிறார்கள். தம்பி, உன் வண்டி அழகு. உங்க அம்மா கழுத்திலே சுற்றுகிற துப்பட்டாவைவிடவா?

(அரங்கில் அமைதி)

வண்டி வாங்கும்போதே கூட ஹெல்மெட்டும் கொடுக்க வேண்டும் என்று விதி. அந்த ஹெல்மெட்டையும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் கையிலே மாட்டிக்கொண்டு போகிறோம். முழங்கைக்கு ரொம்பப் பாதுகாப்பு! (சிரிப்பு) நாலு வயசுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் சொல்லுது. பதினெட்டு வயசு ஆகாத பையன் கையிலே கியர் வண்டியைக் கொடுத்து விபத்து நடந்தால், வண்டிச் சொந்தக்காரருக்கும் பெற்றவருக்கும் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரைக்கும் சிறை. பிளஸ் டூவிலே நல்ல மார்க் வாங்கினான் என்று வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் பிறகு எடுத்துக்கலாம் என்கிற அப்பாக்கள் இந்த அரங்கத்திலேயும் இருக்கலாம். நான் யாரையும் பார்க்கலை. (சிரிப்பு)

2022-ஆம் வருஷத்து மத்திய அரசு அறிக்கையைப் பாருங்க. அந்த ஒரு வருஷத்திலே நம்ம நாட்டுச் சாலைகளிலே இறந்தவர்கள் 1,68,491 பேர். அதிலே நூற்றுக்கு நாற்பத்து நாலு பேருக்கு மேலே இருசக்கர வண்டியிலே போனவர்கள். காரிலே போனவர்கள் இல்லை, லாரியிலே போனவர்கள் இல்லை. தவணை கட்டி, சீட்டுப் போட்டு, பெண்டாட்டி வளையலை அடகு வைத்து வண்டி வாங்குகிற நம்ம ஆட்கள் ஐயா. தவணை முடியறதுக்குள்ளே மனுஷன் முடிஞ்சு போனா, அந்த வீட்டிலே அந்த வண்டியை யார் துடைப்பார்கள்?

எதிரணி அம்மையார் கடைசியாகக் கேட்டார்கள்: “அப்படியென்றால் புது வண்டியே வாங்க வேண்டாமா?” வாங்குங்கம்மா. பட்டன் வண்டி வந்ததாலே எத்தனை பேருக்கு முட்டி பிழைத்தது. வண்டியை வாங்கின உடனே ஊருக்குள்ளே ஓட்டாதீங்க, அவ்வளவுதான். ஷோரூமிலே ஊற்றிக் கொடுக்கிற பெட்ரோல் பக்கத்துப் பங்க் வரைக்கும்தான் வரும். அந்தப் பங்க் வரைக்கும் பழகினவர் ஒருவரை ஓட்டச் சொல்லுங்க, இல்லைன்னா தள்ளிக்கொண்டே போங்க. கௌரவம் ஒன்றும் குறையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூட மைதானத்துக்கோ ஆள் இல்லாத லேஅவுட்டுக்கோ தனியாக எடுத்துப் போங்க. பெண்டாட்டி பிள்ளை வேண்டாம், மாலை வேண்டாம். முதலிலே ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே உட்கார்ந்து, குனிந்து பார்க்காமலே கியர் எங்கே, பிரேக் எங்கே, இண்டிகேட்டர் எங்கே, ஹாரன் எங்கே என்று தொட்டுப் பாருங்க. அப்புறம் இருபதிலே போய் நிறுத்துங்க. முப்பதிலே போய் நிறுத்துங்க. வண்டியை ஓட்டிப் பழகுகிறோம், நிறுத்திப் பழகுவதே இல்லை. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து, நேராக, மெல்ல ஆரம்பித்து அழுத்தி நிறுத்திப் பாருங்க. இருபது தடவை, முப்பது தடவை. கால் தானாகப் போகிற வரைக்கும். முதல் 500 கிலோமீட்டர் எஞ்சினுக்காக மெதுவாக ஓட்டச் சொல்கிறான் கம்பெனிக்காரன். எஞ்சினை இளக்குகிற அந்த 500 கிலோமீட்டரிலே நம்ம கையும் காலும்கூட இளகட்டும். இருட்டிலேயும் மழையிலேயும் பைபாஸிலேயும் அதற்குப் பிறகு போகலாம்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஐயா, ஒரே நிமிஷம். எங்க தெருப் பெரியவரைப் பற்றி மிச்சம் இருக்கு. கால் கூடிட்டுது. மகள் கல்யாணமும் நடந்துட்டுது. வண்டியை விற்கச் சொல்லி வீட்டிலே எல்லாரும் சொன்னாங்க, அவர் விற்கலை. இப்போ தினமும் சாயங்காலம் வாசலிலே வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மேலே ஏறி உட்கார்ந்துக்கறார். எஞ்சின் ஓடலை, சாவியும் இல்லை. சாவி மருமகள் இடுப்பிலே இருக்கு. பேரன் முன்னாலே நின்றுகொண்டு திடீர்னு “தாத்தா, மாடு!”ன்னு கத்துவான். இவர் வலது காலை அமுக்கணும். நேற்று வரைக்கும் பத்துக்கு ஏழு தடவை சரியாக அமுக்கறாராம். பத்துக்குப் பத்து வந்தால்தான் சாவி தருவேன் என்று மருமகள் சொல்லியிருக்காங்க. பேரன் ஸ்லேட்டிலே கணக்கு எழுதறான்.

 (நீண்ட கைதட்டல்)